எம்-த்ரீ தாண்டியபின் வேலைக்கு எந்தக் கணக்கு?

வெப்பச் சமன்பாட்டைக் கையால் தீர்க்கச் சொல்லி எந்த நிறுவனமும் சம்பளம் தருவதில்லை. தேர்வுக் கூடத்தில் பதினாறு மார்க்குக்காக நீங்கள் நாலு பக்கம் எழுதியதை மென்பொருள் கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். இதைப் பார்த்துத்தான் பலர், 'இன்ஜினியரிங் மேத்ஸ் வேலைக்கு உதவாது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தீர்ப்பு தவறு. வேலையில் கணக்குக்கு மூன்று கட்டங்கள் உண்டு. கண்முன் இருக்கும் பிரச்சினையைச் சமன்பாடாக அமைப்பது, அதைத் தீர்ப்பது, வந்த விடையை நம்பலாமா என்று பார்ப்பது. கணினி எடுத்துக்கொண்டது நடுக்கட்டத்தை மட்டும்தான். முன்னும் பின்னும் இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது, சம்பளமும் அங்கேதான். நம் தேர்வுகள் மார்க் போடுவது பெரும்பாலும் அந்த நடுக்கட்டத்துக்கு என்பதுதான் சிக்கல்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டரில் மேட்ரிக்ஸும் கால்குலஸும், இரண்டாவதில் புள்ளியியலும் நியூமெரிக்கல் மெத்தட்ஸும். மூன்றாவதில், அதாவது எம்-த்ரீயில், துறைக்குத் துறை பாதை பிரிகிறது. மெக்கானிக்கல், சிவில் மாணவருக்கு டிரான்ஸ்ஃபார்ம்ஸும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும். ஈசிஇ மாணவருக்கு ரேண்டம் ப்ராசஸும் லீனியர் அல்ஜீப்ராவும். கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு டிஸ்கிரீட் மேத்ஸ். பாடங்களில் பெரிய குறை இல்லை. படிக்கும் விதத்தில்தான் கோளாறு. இரண்டு மார்க் கேள்வி பத்து, பதினாறு மார்க் கேள்வி ஐந்து என்ற அமைப்புக்கு ஏற்ப, பழைய கேள்வித்தாள்களைப் புரட்டி 'இந்த மாடல் கட்டாயம் வரும்' என்று குறித்து, படிகளை மனப்பாடம் செய்கிறோம். பாஸ் ஆவதற்கு அது போதும். பாஸ் ஆவதை நான் கேலி செய்யவில்லை. அரியர் வைத்துக்கொண்டு கேம்பஸ் இண்டர்வியூ வாசலில் நிற்கும் வேதனை சாதாரணமானதல்ல. ஆனால் பாஸ் ஆனபின் அந்தப் புத்தகத்தை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திரும்பத் திறக்க வேண்டும். இம்முறை வேறு கண்ணோடு.

விடையைச் சந்தேகிப்பவருக்கே மதிப்பு

1991 ஆகஸ்ட் 23. நார்வேயின் ஸ்டாவங்கர் நகருக்கு அருகே ஒரு குறுகிய விரிகுடாவில் ஸ்லைப்னர்-ஏ என்ற எண்ணெய்த் துரப்பண மேடையின் கான்கிரீட் அடித்தளத்தை மெல்ல நீரில் அமிழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் ஒன்று வெடித்துத் தண்ணீர் புகுந்தது; முழு அமைப்பும் மூழ்கிப் போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. பண நட்டம் மட்டும் சுமார் 70 கோடி டாலர். விசாரித்தபோது, அமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் போடும் ஃபைனைட் எலிமெண்ட் கணக்கில் மூன்று அறைகள் சந்திக்கும் இடத்தில் மெஷ் சரியாக அமைக்கப்படவில்லை என்று தெரிந்தது. அந்த இடத்து வெட்டுத் தகைவு, அதாவது ஷியர் ஸ்ட்ரெஸ், 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. அதை நம்பிச் சுவர் மெலிதாக வடிவமைக்கப்பட்டது, கம்பியும் போதவில்லை. பின்னர் கவனமாகப் போட்ட கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் அது உடையும் என்றது; உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். மென்பொருள் தனக்குக் கொடுத்த கணக்கைச் சரியாகவே போட்டது. கொடுத்த கணக்குதான் கோணல்.

சென்னையிலும் கோவையிலும் ஒசூரிலும் சிஏஇ (கம்ப்யூட்டர் எய்டட் இன்ஜினியரிங்) என்ற மூன்றெழுத்தில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி இத்தகைய கணக்குதான். புதிதாகச் சேருபவருக்கு மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சில வாரங்களில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வண்ணப்படமாக வந்து நிற்கும் விடை சரியா என்று சொல்லும் திறனைச் சில வாரங்களில் ஊட்ட முடியாது. அதற்குக் கையால் போடும் சிறு கணக்கு வேண்டும். ஒரு மீட்டர் நீள எஃகுக் கம்பம். குறுக்களவு 50க்கு 50 மில்லிமீட்டர். ஒரு முனை சுவரில் பதிந்திருக்கிறது, மறுமுனையில் 1,000 நியூட்டன் பாரம். முனை எவ்வளவு தாழும்? பாரத்தை நீளத்தின் மும்மடியால் பெருக்கி, எஃகின் மீள்தன்மைக் கெழு, குறுக்குவெட்டின் மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா, மூன்று ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் 3.2 மில்லிமீட்டர். திரையில் 3.1 வந்தால் நிம்மதி. 3,200 வந்தால் எங்கோ அலகு குழம்பியிருக்கிறது. 0.4 வந்தால் மெஷ்ஷையும் எலிமெண்ட் வகையையும் முனை பதிந்த விதத்தையும் சந்தேகிக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கத் தெரிந்தவரிடம்தான் அடுத்த புராஜெக்ட் போகும்.

அதனால் மெக்கானிக்கல், சிவில், ஆட்டோமொபைல், ஏரோ மாணவர்கள் புத்தகத்தைத் திறக்க வேண்டிய வரிசை, தேர்வுக்குப் படித்த வரிசை அல்ல. ஐகன் மதிப்பு முதலில். ஒரு கட்டமைப்பு தன் போக்கில் எந்த அதிர்வெண்களில் ஆடும், எந்த வடிவத்தில் ஆடும் என்பதற்கான விடைதான் ஐகன் மதிப்பும் ஐகன் வெக்டரும். எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினால் பிராக்கெட் நடுங்கும் என்று கேட்கும்போது அதைத்தான் கேட்கிறார்கள். கேய்லி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து மார்க் வாங்கியது ஞாபகம் இருக்கலாம். அதை வேலையில் யாரும் கேட்கப் போவதில்லை. பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில், தீர்க்கும் முறைகளைவிட எல்லை நிபந்தனைகளில் நேரம் செலவிடுங்கள். 'இந்தச் சுவரில் வெப்பநிலை தெரியுமா, அல்லது வெளியேறும் வெப்பத்தின் அளவு தெரியுமா?' என்ற ஒரே கேள்வியில் சிமுலேஷனின் பாதி விதி தீர்மானமாகிவிடும். கையால் ஃபூரியர் தொடர் விரிப்பதை இத்துறைக்காரர்கள் மறந்தாலும் பரவாயில்லை. ஒரு சிக்னலைப் பார்த்து அதில் எந்த அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்று படிக்கத் தெரிந்தால் போதும்.

ஈசிஇ, இஇஇ மாணவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஃபூரியரும் லாப்லாஸும் அவர்களுக்குத் தினசரிப் பேச்சு. 1,024 புள்ளிகள் கொண்ட சிக்னலுக்கு ஃபூரியர் மாற்றத்தை நேரடியாகக் கணக்கிட்டால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட எஃப்எஃப்டி முறையில் அது பத்தாயிரம் அளவுக்கு இறங்கிவிடும். 4ஜி, 5ஜி அலைபேசிகள் ஒவ்வொரு கணமும் செய்வது அந்தக் கணக்கைத்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவதால். உங்கள் போனில் உள்ள ஜேபெக் படங்களைச் சுருக்கும் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம், பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் வந்தது. படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் அந்த மாற்றத்தைப் போடுகிறார்கள். கொசைன் தொடரின் நெருங்கிய உறவுதான் அது.

இஇஇ படித்து மின்வாகனத் துறைக்குப் போக நினைப்பவர்கள் லாப்லாஸ் அட்டவணையை ஒப்பிப்பதைக் குறைத்து, போல்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கப் பழகுங்கள். இடப்பாதியில் இருந்தால் ஆட்டம் அடங்கும். வலப்பாதிக்குத் தாவினால் மோட்டார் கண்ட்ரோல் கைமீறும். கற்பனை அச்சுக்கு நெருங்க நெருங்க ஆட்டம் நீளும். பேட்டரியில் இன்னும் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று கணிக்க அதிகம் பயன்படும் கால்மன் ஃபில்டர் 1960இல் வந்தது. அதற்கு மேட்ரிக்ஸும் நிகழ்தகவும் சேர்ந்து வேண்டும். இந்த இரண்டையும் தனித்தனித் தாள்களாகப் படித்து முடித்தவர்கள், சேர்த்துப் படிக்க ஒரு விடுமுறையை ஒதுக்கினால் நட்டமில்லை.

சாஃப்ட்வேருக்குப் போகிறவர்களுக்கு

'கோடிங்தானே, கணக்கு எதற்கு?' என்று கேட்பவர்களுக்குச் சிறு பரிசோதனை. பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி, அது 0.3க்குச் சமமா என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லும். கூட்டுத்தொகை 0.30000000000000004 என்று காட்டும். 0.1 என்ற எண்ணை இருமத்தில் முழுமையாக எழுத முடியாது. எங்கோ வெட்டித்தான் ஆக வேண்டும். இது விளையாட்டு மாதிரி தெரியும். வளைகுடாப் போரின்போது 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டதற்குக் காரணம் இதே 0.1தான். பத்தில் ஒரு விநாடியை 24 இருமங்களில் வெட்டி வைத்திருந்தார்கள். அமைப்பு 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கானது. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். அமெரிக்கப் படையினர் 28 பேர் இறந்தார்கள். நியூமெரிக்கல் மெத்தட்ஸ் தாளில் பிழை பற்றி வரும் முதல் பக்கங்களைத் தேர்வில் வராது என்று தாண்டிவிடுகிறோம். தாண்டக் கூடாத பக்கங்கள் அவை.

அடுத்தது காத்திருப்பு வரிசை. குயூயிங் தியரியின் பிறப்பு கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில். எர்லாங் 1909இல் எழுதிய கட்டுரை அதன் தொடக்கம். இன்று டெலிபோன் இணைப்பின் இடத்தில் சர்வர். உங்கள் சர்வர் விநாடிக்கு 100 கோரிக்கைகளைக் கையாளும் என்று வையுங்கள். கோரிக்கைகள் ஒழுங்கில்லாமல் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் ஏறி இறங்குகிறது. எளிய மாதிரியின்படி, விநாடிக்கு 80 வந்தால் ஒரு கோரிக்கை சராசரியாக 50 மில்லி விநாடியில் முடிந்து வெளியேறும். 90 வந்தால் 100 மில்லி விநாடி. 95க்கு 200. 99க்கு ஒரு முழு விநாடி. 'சர்வர் இன்னும் நூறைத் தொடவில்லையே, ஏன் ஆமை வேகம்?' என்று மேனேஜர் கேட்கும்போது விடை சொல்ல வேண்டியவர் நீங்கள். திறனிலிருந்து வரத்தைக் கழித்துத் தலைகீழாக்குவதுதான் மொத்தச் சூத்திரம். டெவ்ஆப்ஸ், கிளவுட் வேலைகளுக்குப் போகிறவர்கள் இந்த ஓர் அத்தியாயத்தையாவது படித்துவிட்டுப் போகலாம். சிலபஸில் இல்லாவிட்டாலும்தான்.

ஏஐ, டேட்டா சயன்ஸ் கனவு உள்ளவர்களுக்கு லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, ஆப்டிமைசேஷன் மூன்றும் கட்டாயம். இவற்றில் நிகழ்தகவில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். சூத்திரம் தெரியாமல் அல்ல, உள்ளுணர்வை நம்பி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கேமரா வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் மாடலைப் பொருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழுதான பாகத்தை 95 சதவீதம் சரியாகப் பிடிக்கும். நல்ல பாகத்தை 5 சதவீதம் தவறாகப் பழுது என்று சொல்லும். பாகங்களில் நூற்றில் ஒன்றுதான் உண்மையில் பழுது. மாடல் சிவப்பு விளக்கு காட்டினால் அது நிஜமாகவே பழுதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? 95 சதவீதம் என்று சொல்லத் தோன்றும். எண்ணிப் பாருங்கள். 10,000 பாகங்களில் பழுது 100. அதில் 95 பிடிபடும். நல்லவை 9,900, அதில் 495 தவறாக மாட்டும். மொத்தச் சிவப்பு 590. உண்மைப் பழுது 95. ஆக வாய்ப்பு 16 சதவீதம்தான். ஆறு முறை விளக்கு எரிந்தால் ஐந்து முறை பொய். இரண்டாம் நாளே லைனில் நிற்கும் தொழிலாளி விளக்கைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார், மாடல் செத்துப் போகும். இதை விற்பனைக் கூட்டத்துக்கு முன்பே சொல்லத் தெரிந்த புதியவரை எந்தக் குழுவும் விடாது. பேயஸ் தேற்றத்தைப் பின்னமாக எழுதாமல், இப்படி 10,000 பேராக, 10,000 பொருளாக எண்ணிப் பழகினால் வாழ்நாளுக்கும் மறக்காது.

எப்படிப் படிப்பது?

ஒரே கணக்கை மூன்று விதமாகப் போடுங்கள். முதலில் கையால், பிறகு பைத்தானிலோ ஆக்டேவிலோ, கடைசியில் எல்லைக்குத் தள்ளி. முதல் இரண்டும் யாரும் சொல்வதுதான். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. உதாரணத்துக்கு, ஒரு அளவு தன் மதிப்பின் 50 மடங்கு வேகத்தில் குறைந்துகொண்டே போகிறது என்ற எளிய வகைக்கெழுச் சமன்பாடு. தீர்வு வேகமாகச் சுழியத்துக்கு இறங்கும், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதையே ஆய்லர் முறையில் கால இடைவெளி 0.01 வைத்துக் கணினியில் போட்டால், ஒவ்வொரு படியிலும் மதிப்பு பாதியாகி ஒழுங்காக அடங்கும். இடைவெளியை 0.05 ஆக்குங்கள். ஒவ்வொரு படியிலும் மதிப்பு ஒன்றரை மடங்காகி, குறியும் மாறி மாறி, விடை வானத்துக்கும் பாதாளத்துக்கும் தாவும். சமன்பாடு அதேதான், முறையும் அதேதான். இடைவெளி 0.04ஐத் தாண்டியதுதான் குற்றம். ஏன் 0.04 என்று காகிதத்தில் கண்டுபிடித்துவிட்டால், நிலைத்தன்மை என்றால் என்ன என்று அதற்குப் பின் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். இப்படி உடைத்துப் பார்த்த பத்துக் கணக்குகள், ஒழுங்காகப் போட்ட நூறு கணக்குகளுக்கு மேல்.

கருவிகளுக்குக் காசு வேண்டாம். மேட்லாப் கல்லூரி லேபில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஆக்டேவ், சைலாப், பைத்தானின் நம்பை, சைபை எல்லாம் இலவசம். சாட்பாட்டிடம் கணக்கைக் கொடுத்து விடை வாங்குவதையும் நான் தடுக்க மாட்டேன். வாங்கிய விடையில் தப்பு கண்டுபிடிப்பதை வீட்டுப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். அலகு பொருந்துகிறதா, பாரத்தைச் சுழியமாக்கினால் விடையும் சுழியமாகிறதா, எல்லை நிபந்தனையில் தீர்வு நிற்கிறதா என்ற மூன்றே கேள்விகளில் பாதித் தவறுகள் மாட்டிவிடும்.

புத்தகங்களில் கிரேவால் தேர்வுக்கு நல்ல துணை, அதைக் கைவிட வேண்டாம். ஆனால் வேலைக்காகத் திரும்பப் படிக்கும்போது எர்வின் கிரேஸிக்கின் நூலைக் கையில் எடுங்கள்; 1962இல் முதற்பதிப்பு வந்தது, இன்றும் நூலகத்தில் கிடைக்கும். கணக்குக்கு முன் பௌதிகத்தைச் சொல்வது அதன் பலம்: ஸ்பிரிங், சர்க்யூட், கலவைத் தொட்டி என்று தொடங்கித்தான் சமன்பாட்டுக்கு வரும். லீனியர் அல்ஜீப்ராவுக்கு எம்ஐடியின் கில்பர்ட் ஸ்ட்ராங் விரிவுரைகள், படமாகப் புரிய த்ரீ புளூ ஒன் பிரௌன் சேனலின் 2016 தொடர். இரண்டும் யூடியூபில் உண்டு. என்பிடெல்லில் நம் ஐஐடி ஆசிரியர்களின் பாடங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் டவுன்லோடு செய்து வைப்பதோடு நின்றுவிடும் பழக்கம் நமக்கு உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடியுங்கள்.

கேட் எழுதுகிறவர்களுக்கு மார்க் கணக்கு சொல்கிறேன். பெரும்பாலான பொறியியல் தாள்களில் 100க்கு 13 மார்க் இன்ஜினியரிங் மேத்ஸ். ஜெனரல் ஆப்டிட்யூட் 15. இந்த 28ஐயும் சேர்த்துப் பார்த்தால், முக்கியப் பாடத்தில் இரண்டு கடினமான அத்தியாயங்களோடு மல்லுக்கட்டுவதைவிடக் கணிதத்தைக் கெட்டியாக்குவது லாபம். 2024 முதல் டேட்டா சயன்ஸ், ஏஐக்குத் தனித்தாளும் வந்திருக்கிறது. அதன் பாடத்திட்டத்தில் நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும் கால்குலஸும்தான் முன்வரிசை. எம்.டெக் வேண்டாம் என்பவர்களும், பொதுத்துறை நிறுவனங்கள் சில கேட் மார்க் பார்த்து ஆள் எடுப்பதை மறக்க வேண்டாம்.

கடைசி வருடம் வந்துவிட்டது, அடிப்படையே ஆட்டம் காண்கிறது என்பவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் ஃபைனல் இயர் புராஜெக்டில் ஓடும் கணக்கு எதுவோ, அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். சோலார் பேனல் புராஜெக்ட் என்றால் அந்தக் கண்ட்ரோல் லூப்பின் சமன்பாடு. முக அடையாளம் காணும் புராஜெக்ட் என்றால் அந்த மேட்ரிக்ஸ் பெருக்கலும் லாஸ் ஃபங்ஷனும். எதை அலட்சியம் செய்தோம், எதை மாறிலி என்று எடுத்துக்கொண்டோம், ஏன் அப்படி எடுத்தோம் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள்.

அந்த ஒரு பக்கம்தான் நேர்முகத்தில் உதவும். ரெஸ்யூமில் 'மேத்தமேடிக்ஸில் ஆர்வம்' என்று போடுவதால் எதுவும் நடக்காது. 'மெஷ்ஷைப் பாதியாக்கி மூன்று முறை ஓட்டினேன், மூன்றாவது முறையில் தகைவு 2 சதவீதத்துக்கு மேல் மாறவில்லை' என்று உண்மையில் செய்ததை ஒரு வரியில் எழுதினால், எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். அடுத்த கேள்வி அந்த வரியிலிருந்துதான் வரும், அதற்குத் தயாராக இருங்கள். தெரியாத கணக்கு வந்தால் சூத்திரத்தைத் தேடித் தவிக்காமல், முதலில் எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'காற்றின் தடையை விட்டுவிடுகிறேன், வெப்பநிலை மாறாது என்று வைக்கிறேன்.' பிறகு விடை எந்த அலகில் வர வேண்டும், ஏறக்குறைய எவ்வளவு இருக்கும் என்று சொல்லுங்கள். நல்ல கேள்வியாளர் அங்கேயே நிறுத்தி, 'வெப்பநிலை மாறினால்?' என்று கேட்பார். உரையாடல் அங்கிருந்து உங்களுக்குத் தெரிந்த பக்கம் நகரும்.